போர்க்களத்திலிருந்து சந்தைக்கு: ஜெனரல் சாட்சாய் சூன்ஹவானின் பொதுவாழ்வு

முன்னுரை

திருக்குறளின் பொருட்பாலில் 'தூது' ஓர் அதிகாரமாகவும் 'படைமாட்சி' வேறோர் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. தூதனுக்கு வேண்டிய பண்புகள் வேறு, படைக்கு வேண்டிய பண்புகள் வேறு என்பது இப்பகுப்பினால் விளங்கும். ஆனால், இருபதாம் நூற்றாண்டின் தென்கிழக்காசியாவில் படைவீரர், தூதர், அமைச்சர் ஆகிய மூன்று நிலைகளும் ஒரே மனிதரிடம் அமைந்த நேர்வுகள் பல உள. இந்தோனேசியா, பர்மா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் அரசியலுக்குச் செல்லும் வழி நெடுங்காலம் படைமுகாம்களின் ஊடாகவே அமைந்திருந்தமை இதற்குக் காரணமாகும்.

அவ்வாறு வந்தவர்களுள் தாய்லாந்தின் பிரதமராக 1988ஆம் ஆண்டு முதல் 1991ஆம் ஆண்டு வரை பொறுப்பு வகித்த ஜெனரல் சாட்சாய் சூன்ஹவான் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். இராணுவப் புரட்சியால் உயர்ந்த குடும்பத்தில் பிறந்த அவர், ஓர் இராணுவப் புரட்சியால் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். மற்றோர் இராணுவப் புரட்சியால் பதவியை இழந்தார். இவ்விரு வீழ்ச்சிகளுக்கும் இடையே அவர் ஆற்றிய பணிகள் தாய்லாந்தின் எல்லைகளைத் தாண்டி, மலேசியா உள்ளிட்ட அண்டை நாடுகளையும் தொட்டன. அயல்நாட்டுப் பகைவருடன் உடன்பாடு காண வல்லவராயிருந்த அவர், தம்மை உருவாக்கிய படையுடன் உடன்பாடு காண இயலாமற்போனது ஏன் என்னும் வினாவினை முன்வைத்து அவர்தம் பொதுவாழ்வினை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

குடும்பமும் படைப்பணியும்

சாட்சாய் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பாங்காக்கில் பிறந்தார். சீன மரபுவழி வந்த குடும்பம் அவருடையது. தந்தையார் பின் சூன்ஹவான் படைத்துறையில் படிப்படியாக உயர்ந்து பீல்டு மார்ஷல் பட்டம் பெற்றவர். சாட்சாய், தாய்லாந்துப் படை அதிகாரிகளை உருவாக்கும் சுலாசொம்கிளாவ் அரச இராணுவக் கழகத்தில் பயின்று, குதிரைப்படைப் பிரிவில் அதிகாரியானார்.

இரண்டாம் உலகப் போரில் தாய்லாந்து ஜப்பானின் பக்கம் நின்றது. தாய்லாந்துப் படைகள் பர்மாவின் ஷான் மாநிலத்துக்குள் புகுந்தபோது, அங்கே தந்தையார் தலைமையேற்ற படையில் மகனும் பணியாற்றினார். அதே போர்க்காலத்தில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் பர்மா இரயில்பாதையில் ஆயிரக்கணக்கில் மாண்டனர். சாட்சாயின் தலைமுறையினர் பார்த்த முதற்போர் இத்தகையது. பின்னர் அவர் கொரியப் போரிலும் பணிபுரிந்தார்.

1947ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் நிகழ்ந்த இராணுவப் புரட்சிக்குத் தலைமையேற்றவர் பின் சூன்ஹவானே. அப்புரட்சிக்குப் பின், 1948இல் பிபூன் சொங்கிராம் மீண்டும் பிரதமரானார். பின் சூன்ஹவானின் மருமகன் பாவ் சியானொன் காவல் துறையின் தலைவராகிப் பெருஞ்செல்வாக்குப் பெற்றார். அவர்கள் வாழ்ந்த தெருவின் பெயரால் 'இராஜகுரு' குழுவினர் என்றே இக்குடும்பத்தார் அழைக்கப்பட்டனர். படை, காவல் துறை, வங்கி, வணிகம் ஆகிய நான்கும் ஒரு குடும்பத்தின் கைக்குள் வந்த காலம் அது. சாட்சாய் இளம் வயதிலேயே மேஜர் ஜெனரல் நிலைக்கு உயர்ந்ததற்கு அவர்தம் திறமையோடு இக்குடும்பச் செல்வாக்கும் காரணமாயிற்று என்பதை மறைத்தற்கில்லை.

அயல்நாட்டில் பெற்ற கல்வி

1957ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் பீல்டு மார்ஷல் சரித் தனரத் ஆட்சியைக் கைப்பற்றினார். பிபூன் நாட்டைவிட்டு வெளியேறினார். பாவ் சுவிட்சர்லாந்துக்குச் சென்றார். தோற்ற குடும்பத்தின் மகனைச் சிறையில் அடைக்கவோ கொல்லவோ செய்யாமல், தூதரகப் பணி என்னும் பெயரால் தொலைவுக்கு அனுப்பியது புதிய ஆட்சி. சாட்சாய் அருசெந்தீனாவுக்குச் சென்றார். அதன் பின்னர் ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து முதலிய ஐரோப்பிய நாடுகளில் தூதராகப் பணியாற்றினார். இவ்வாறு அவர் அயல்நாடுகளில் கழித்த காலம் ஏறத்தாழ 15 ஆண்டுகளாகும்.

தண்டனையாக அமைந்த இப்பணியே அவருக்குக் கல்வியாகவும் அமைந்தது. தாய்லாந்தின் படைத்தலைவர்கள் அந்நாளில் உலகை இரு கூறாகவே கண்டனர். ஒரு கூறு அமெரிக்கச் சார்பு, மறுகூறு பொதுவுடைமை. ஆனால், 1955ஆம் ஆண்டு முதல் எந்தப் படைக்கூட்டணியிலும் சேராத நடுநிலை நாடாகிய ஆஸ்திரியாவிலும், நெடுங்கால நடுநிலை நாடாகிய சுவிட்சர்லாந்திலும் வாழ்ந்தவருக்கு வேறொரு காட்சி புலப்பட்டது. இருபெரும் வல்லரசுகளுக்கிடையே ஒரு சிறுநாடு வணிகத்தாலும் பேச்சுவார்த்தையாலும் பாதுகாப்புத் தேடிக்கொள்ள இயலும் என்பதே அது. அவர்தம் பிற்காலக் கொள்கைகளின் வேரை இந்த ஆண்டுகளில் தேடுவது பொருத்தமாகும்.

இஸ்ரேல் தூதரக நிகழ்ச்சி

1972இல் தாயகம் திரும்பிய சாட்சாய் வெளியுறவுத் துணை அமைச்சரானார். அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள், பட்டத்து இளவரசரின் நியமன விழா பாங்காக்கில் நடைபெற்றுக்கொண்டிருந்தபோது, 'கறுப்புச் செப்டம்பர்' இயக்கத்தைச் சேர்ந்த நால்வர் இஸ்ரேல் தூதரகத்துக்குள் புகுந்து அறுவரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தனர். இஸ்ரேலியச் சிறைகளில் உள்ள 36 பேரை விடுவிக்க வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. அதே ஆண்டு செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக் போட்டியின்போது இத்தகைய முற்றுகை பதினொரு இஸ்ரேலியரின் சாவில் முடிந்திருந்தது.

சாட்சாயும் வான்படை உயர் அதிகாரி தாவி சுல்லசாப்யாவும் எகிப்தியத் தூதரின் துணையுடன் பேச்சு நடத்தினர். பிணையாளிகளை விட்டுவிட்டால் விமானத்தில் எகிப்துக்குச் செல்லலாம் என்றும், அதற்கு உறுதியாகத் தாங்களே உடன் வருவதாகவும் முன்மொழிந்தனர். முற்றுகை ஏறத்தாழ 19 மணி நேரத்தில் முடிவுற்றது. ஓர் உயிரும் இழக்கப்படவில்லை. தாய்லாந்து அதிகாரிகள் கெய்ரோ வரை சென்று திரும்பினர். தம் உடலையே உறுதிமொழியாக வைக்கும் துணிவு படைவீரருடையது. எதிரிக்கும் மானத்தோடு வெளியேற ஒரு வாயில் திறந்துவைக்கும் நுட்பம் தூதருடையது. இரண்டும் ஒருங்கே வெளிப்பட்ட இந்நிகழ்ச்சியே சாட்சாயை உலகுக்கு அறிமுகப்படுத்தியது எனலாம்.

சீனாவுடன் உறவு

1973 அக்டோபரில் மாணவர் எழுச்சியால் தனோம் கித்திகச்சோனின் இராணுவ ஆட்சி வீழ்ந்தது. அடுத்த ஆண்டில் சாட்சாயும் அவர்தம் உறவினர் பிரமான் அதிரேக்சானும் பிறரும் சேர்ந்து 'சாட் தாய்' கட்சியைத் தோற்றுவித்தனர். தாய் தேசம் என்பது அதன் பொருள். 1975ஆம் ஆண்டுத் தேர்தலில் வடகிழக்கு மாநிலமாகிய நக்கோன் ராட்சசீமாவிலிருந்து சாட்சாய் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குக்ரித் பிரமோஜின் கூட்டணி அரசில் வெளியுறவு அமைச்சரானார்.

அப்பொறுப்பை அவர் ஏற்ற ஓரிரு மாதங்களில் நொம்பென்னும் சைகோனும் வீழ்ந்தன. அமெரிக்காவை மட்டுமே நம்பியிருந்த தாய்லாந்து வெளியுறவுக் கொள்கை அடித்தளம் ஆட்டங்கண்டது. 1975 மே மாதத்தில், கம்போடியர் கைப்பற்றிய 'மயாகுவேஸ்' என்னும் கப்பலை மீட்பதற்காக, தாய்லாந்து அரசின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது அமெரிக்கா தன் கடற்படை வீரர்களை உத்தபாவ் தளத்தில் இறக்கியது. தாய்லாந்து அரசு முறைப்படி கண்டனம் தெரிவித்தது. அமெரிக்கப் படைகள் 1976இல் வெளியேறின.

ஆசியான் நாடுகளுள் மலேசியாவே முதன்முதலாக 1974ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் சீன மக்கள் குடியரசுடன் தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்டது. பிலிப்பைன்சு 1975 ஜூன் மாதத்தில் அவ்வழியைப் பின்பற்றியது. 1975ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பெய்ஜிங்கில் குக்ரித்தும் சூ என்லாயும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டபோது வெளியுறவு அமைச்சராகச் சாட்சாயும் உடனிருந்தார். கொரியாவில் சீனப் படைகளுக்கு எதிரணியில் நின்ற ஒருவர், கால் நூற்றாண்டுக்குள் அந்நாட்டுடன் உறவு காண முன்னின்றார் என்பது எண்ணத்தக்கது.

ஆயினும், 1976 அக்டோபர் 6ஆம் நாள் தம்மசாட் பல்கலைக்கழக மாணவர்கள் கொல்லப்பட்ட அன்றே படை மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது. நாடாளுமன்ற ஆட்சி மூன்றாண்டுகளில் முடிவுற்றது.

பிரதமர் பொறுப்பும் இந்தோசீனக் கொள்கையும்

1980 முதல் 1988 வரை ஜெனரல் பிரேம் தின்சுலானொன் தேர்தலில் நில்லாமலேயே பிரதமராயிருந்தார். 1988 ஜூலைத் தேர்தலில் சாட் தாய் கட்சி 357 இடங்களுள் 87 இடங்களைப் பெற்று முதலிடம் அடைந்தது. பிரேம் மீண்டும் பொறுப்பேற்க மறுத்ததால், ஆகஸ்டு 4ஆம் நாள் சாட்சாய் பிரதமரானார். 1976க்குப் பின், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பிரதமரானது அதுவே முதன்முறை. மக்கள் அவரை 'நா சாட்' என அழைத்தனர். 'நா' என்பது தாயின் இளைய உடன்பிறப்பைக் குறிக்கும் தாய்மொழிச் சொல். நம் வழக்கில் தாய்மாமன் எனலாம். எதைக் கேட்டாலும் 'சிக்கலில்லை' என்று புன்னகையுடன் விடையளிப்பது அவர் இயல்பாகப் பேசப்பட்டது.

இந்தோசீனத்தைப் போர்க்களத்திலிருந்து சந்தையாக மாற்ற வேண்டும் என்பது அவர் அறிவித்த கொள்கை. தமிழில் 'களம்' என்னும் சொல் போர் நிகழும் இடத்தையும் நெல் அடிக்கும் இடத்தையும் ஒருங்கே குறிக்கும். தொல்காப்பியம் முதலாகவே இவ்விரு களங்களும் இணைத்து எண்ணப்பட்டுள்ளன. ஆதலால் அவர் கூறியதன் உட்பொருள் தமிழ் அறிந்தார்க்கு எளிதில் விளங்கும். ஆனால், 1988இல் அது எளிய கருத்தாக இல்லை. 1978 இறுதியில் வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்தது முதல் ஆசியான் நாடுகள் ஒருமுகமாக அதனை எதிர்த்து வந்தன. கம்போடிய எதிர்ப்பணிகளின் கூட்டணி அரசு 1982இல் கோலாலம்பூரில்தான் உருவாக்கப்பட்டது. ஐக்கிய நாட்டு அவையில் இந்நிலைப்பாட்டுக்காக வாதாடியவர்களுள் சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சர்களாயிருந்த சி. இராசரத்தினமும் சு. தனபாலனும் குறிப்பிடத்தக்கவர்கள். தாய்லாந்திலும் 1980 முதல் வெளியுறவு அமைச்சராயிருந்த சித்தி சாவெட்சிலா அதே கொள்கையில் உறுதியாக நின்றார்.

சாட்சாய் தம் மகன் கிரைசாக் உள்ளிட்ட இளம் அறிஞர் குழு ஒன்றைப் பிட்சனுலோக் மாளிகையில் அமைத்து, வெளியுறவு அமைச்சின் போக்கிற்கு மாறான ஆலோசனைகளைப் பெற்றார். 1987 டிசம்பர் முதல் 1988 பிப்ரவரி வரை பான் ரொம்கிளாவ் எல்லைப் பகுதியில் தாய்லாந்தும் லாவோசும் போரிட்டிருந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பிரதமர் சாட்சாய் வியந்தியானுக்குச் சென்றார். 1989 ஜனவரியில், தாய்லாந்து அதுவரை அங்கீகரிக்காத நொம்பென் அரசின் தலைவர் ஹுன் சென்னைப் பாங்காக்கிற்கு வரவேற்றார். ஆசியான் தோழர்களுக்கு இச்செயல் கவலையளித்தது. வியட்நாம் படைகள் வெளியேறுமுன் இத்தகைய இணக்கம் காட்டினால் பத்தாண்டு முயற்சி வீணாகும் என அவர்கள் கருதினர். வியட்நாம் 1989 செப்டம்பரில் தன் படைகளை விலக்கிக்கொண்டது. பாரிஸ் அமைதி உடன்பாடு 1991 அக்டோபர் 23ஆம் நாள் கையெழுத்தானது. சோவியத் ஒன்றியத்தின் தளர்ச்சியும் சீன, சோவியத் உறவின் சீரமைப்பும் இம்மாற்றத்திற்குப் பெருங்காரணங்கள். எனினும், வழி திறக்கும் முன்னரே அதனை எதிர்நோக்கி நடந்தவர் சாட்சாய் என்பது மிகையாகாது.

மலேசிய எல்லையிலும் இக்காலம் முக்கியமானது. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஹாட்யாயில் மலேசிய அரசும் தாய்லாந்து அரசும் மலாயாப் பொதுவுடைமைக் கட்சியும் செய்துகொண்ட உடன்பாடு, 1948இல் தொடங்கிய ஆயுதப் போராட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இதில் தாய்லாந்துப் படைத்தலைவர் சவாலித் யொங்சையுத்தின் பங்கு பெரிது. வளைகுடாப் பகுதியில் இருநாடுகளும் உரிமை கோரிய கடற்படுகையைப் பிரிக்காமல், எண்ணெய் வளத்தைக் கூட்டாகப் பயன்படுத்துவதற்கான மலேசிய, தாய்லாந்துக் கூட்டு ஆணையத்தை அமைக்கும் உடன்பாடும் 1990 மே 30ஆம் நாள் கையெழுத்தானது. 1979லேயே ஒப்புக்கொள்ளப்பட்டு நின்றுபோயிருந்த முயற்சி அது.

சந்தையின் விலை

அக்காலத்தில் தாய்லாந்தின் பொருளாதாரம் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கும் மேலாக வளர்ந்தது. தொழிலாளர்க்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1990இல் நிறைவேறியது. ஆனால், சந்தையும் குருதிக் கறை படியாததன்று. 1988 நவம்பரில் தென்தாய்லாந்தில் ஏற்பட்ட வெள்ளத்தில் காடழிந்த மலைச்சரிவுகள் சரிந்து ஊர்கள் புதையுண்டன. அதன் பின் 1989 ஜனவரியில் நாடெங்கும் மரம் வெட்டுதல் தடைசெய்யப்பட்டது. தாய்லாந்தின் மர வணிகர்கள் பர்மாவின் காடுகளை நாடிச் சென்றனர். 1988இல் மக்கள் எழுச்சியைக் கொன்று ஒடுக்கிய பர்மிய இராணுவ அரசுக்கு அவ்வருவாய் உயிர்மூச்சாயிற்று. கம்போடிய எல்லையில் மரத்தையும் மாணிக்கக் கற்களையும் வாங்கிய வணிகத்தால் கெமர் ரூச்சுப் படை பயனடைந்தது. போரைச் சந்தை நிறுத்தும் என்பது பாதி உண்மையே. போருக்குச் சந்தை ஊட்டமளித்தலும் உண்டு.

உள்நாட்டிலும் ஊழற் குற்றச்சாட்டுகள் பெருகின. விருந்தில் அவரவர் விரும்பியதை அள்ளிக்கொள்வது போன்றது என்னும் பொருளில் நாளிதழ்கள் அவர்தம் அரசைப் 'பஃபே அமைச்சரவை' என எள்ளி நகையாடின. கூட்டணியைக் காக்கும் பொருட்டுச் சாட்சாய் இதனைக் கண்டும் காணாமல் விட்டார்.

படையும் பிரதமரும்

1991ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், ஜெனரல் ஆர்தித் கம்லாங்எக்கைப் பாதுகாப்புத் துணை அமைச்சராகப் பதவியேற்பிக்கும் பொருட்டு, மன்னரைக் காணச் சியாங்மாய்க்குப் புறப்பட்டார் சாட்சாய். முன்னாள் படைத்தலைவராகிய ஆர்தித்தின் வழியாகப் படைத்தலைமைக்குக் கடிவாளமிட அவர் எண்ணினார் எனக் கருதப்பட்டது. டொன்முவாங் விமான நிலையத்தில், இராணுவ விமானத்துக்குள்ளேயே அவர் கைதுசெய்யப்பட்டார். சுந்தோன் கொங்சொம்போங், சுசிந்தா கிராபிரயூன் முதலிய தளபதிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். ஊழல், நாடாளுமன்றச் சர்வாதிகாரம், படைத்துறையைச் சிதைக்க முயன்றமை என்பன அவர்கள் சுமத்திய குற்றங்களுள் சில.

சாட்சாய் பயின்ற அதே இராணுவக் கழகத்தில் பயின்றவர்களே அவரைக் கைதுசெய்தனர். 1947இல் அவர் தந்தையார் செய்ததையே 1991இல் அவர்கள் செய்தனர். படை தன்னை நாட்டின் காவலனாக மட்டுமன்றி அரசின் நடுவராகவும் கருதும் மரபை வளர்த்தவர்களுள் சூன்ஹவான் குடும்பத்தாரும் உளர். ஹனோயுடன் பேச அவருக்கு ஒரு சந்தையைக் காட்டினால் போதுமாயிருந்தது. ஆனால், படைத்தலைமை கேட்டது பங்கினை அன்று. இறுதிச் சொல்லைக் கூறும் உரிமையை. அதனை விட்டுக்கொடுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமரால் இயலாது. அதனைப் பறிக்கவும் ஊழலால் மக்கள் நம்பிக்கையை இழந்திருந்த அமைச்சரவையால் இயலவில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. புரட்சித் தளபதிகள் பிரதமராக அமர்த்திய ஆனந்த் பன்யாரச்சூன், 1975இல் சீன உறவுப் பேச்சுவார்த்தைகளில் பங்காற்றிய தூதர். ஆட்சியைப் பிடித்த படையும் உலகுக்குக் காட்டுவதற்கு ஒரு தூதரின் முகத்தையே நாடிற்று.

இறுதிக்காலம்

சிறிது காலம் இங்கிலாந்தில் தங்கியிருந்து திரும்பிய சாட்சாய், 1992இல் 'சாட் பட்டனா' என்னும் புதிய கட்சிக்குத் தலைமையேற்றார். அவ்வாண்டு மே மாதம் பாங்காக் தெருக்களில் படை சுட்டதில் பலர் மாண்டனர்; சுசிந்தா பதவி விலகினார். செப்டம்பர்த் தேர்தலில் சாட்சாயின் கட்சி 60 இடங்களை வென்றது. அவர்தம் சொத்துகளைப் பறிமுதல் செய்யப் புரட்சிக்குழு எடுத்த நடவடிக்கை 1993இல் உச்சநீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. 1997 நவம்பரில், பொருளாதார நெருக்கடியால் சவாலித் பதவி விலகியபோது சாட்சாய் மீண்டும் பிரதமராகும் வாய்ப்பு நெருங்கி வந்து கைநழுவியது. 1998ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் இலண்டனில் அவர் காலமானார்.

முடிவுரை

சாட்சாயின் பொதுவாழ்வு மூன்று செய்திகளைத் தெளிவுறுத்துகிறது. முதலாவது, படைப்பணியும் தூதுப்பணியும் ஒன்றற்கொன்று பகையல்ல; போரின் விலையை அறிந்தவர் அமைதியின் பயனைப் பிறருக்கு எடுத்துரைக்க வல்லவராவார். இரண்டாவது, வணிகத்தால் எல்லைகளைத் திறக்கலாமாயினும், எதை விற்கிறோம், யாருக்கு வருவாய் சேர்க்கிறோம் என்னும் வினாக்களை அவ்வணிகம் தானே கேட்டுக்கொள்ளாது. மூன்றாவது, அயலாருடன் உறவு காண்பதைக் காட்டிலும், ஆயுதம் தாங்கிய தம்மவரை மக்களாட்சிக்கு உட்படுத்துவது கடினமான பணி. அப்பணி அவரோடு முடிந்துவிடவில்லை. 2006லும் 2014லும் தாய்லாந்துப் படை மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது.

நொங்காயையும் வியந்தியானையும் இணைத்து மேக்கோங் ஆற்றின்மீது ஆஸ்திரேலிய உதவியுடன் கட்டப்பட்ட முதல் நட்புறவுப் பாலம் 1994 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பான் ரொம்கிளாவில் பீரங்கிகள் ஓய்ந்து ஆறாண்டுகளே ஆகியிருந்தன. பதவியிலிருந்து சாட்சாய் இறக்கப்பட்டபின் எழுந்த பாலம் அது. அவரை வீழ்த்தியவர்களாலும் அவர் வகுத்த வழியை மூட இயலவில்லை என்பதற்கு அப்பாலமே தக்க சான்றாகும்.